கம்பளியை அளந்த ரம்போர்டு பிரபு

கம்பளி ஏன் கதகதப்பாக இருக்கிறது என்று வகுப்பில் கேட்டால், கம்பளிக்குள் சூடு இருக்கிறது சார் என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது சரியல்ல என்று கடிகாரம் வைத்துக் காட்டியவர், ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர்.

பெஞ்சமின் தாம்சன் 1753-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வோபர்ன் என்னும் ஊரில் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். 13 வயதில் சேலத்தில் கடை வேலை. (நம்மவர்கள் ஊர்ச் சேலம் அல்ல, அமெரிக்காவிலும் ஒரு சேலம் உண்டு!) பிறகு பள்ளி ஆசிரியரானார். 19 வயதில் வசதியான விதவை ஒருவரை மணந்தார். அமெரிக்கர்கள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியபோது இவர் ஆட்சியின் பக்கம் நின்றார். ஊராரின் கோபத்துக்கு ஆளாகி, 1776-இல் லண்டன் போய்ச் சேர்ந்தார். மனைவியும் சின்ன மகளும் ஊரிலேயே நின்றுவிட்டார்கள். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

பின்னர் ஜெர்மானிய நாடான பவேரியாவில் பட்டாளத்தைச் சீர்திருத்தும் பொறுப்பு கிடைத்தது. 1790 புத்தாண்டு தினத்தில் மியூனிக் நகரப் பிச்சைக்காரர்களைத் திரட்டி, சூடான சூப்பும் கூலியும் கொடுத்து, பட்டாளத்துக்கு உடை தயாரிக்க வைத்தார். எந்தத் துணி குளிர் தாங்கும் என்பதை வாய்ப்பேச்சாக விடாமல் அளந்தே பார்த்தார்.

கண்ணாடிக் குழாய்க்குள் வெப்பமானியை வைத்து, அதன் குமிழைச் சுற்றி ஒவ்வொரு பொருளையும் ஒரே எடையில், சுமார் 1 கிராம், அடைத்தார். கொதிநீரில் சூடாக்கி, ஐஸ் போட்ட தண்ணீரில் இறக்கினார். குறிப்பிட்ட அளவு சூடு இறங்க எத்தனை விநாடி? வெறும் காற்று மட்டும் இருந்தபோது 576. பஞ்சு 1,046. ஆட்டு ரோமம் 1,118. முயல் ரோமம் 1,315. வேடிக்கை என்னவென்றால், முறுக்காத பட்டு 1,284. அதே எடையுள்ள முறுக்கிய பட்டு நூல் 917 தான்! பட்டு ஒன்றுதானே? முறுக்கியதில் இழைகளுக்கு நடுவே காற்று தங்க இடம் குறைவு. ஆக, இழைகளுக்குள் அசையாமல் சிக்கிக்கொண்ட காற்றுதான் நம் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் காக்கிறது. துவைத்துத் துவைத்து அமுங்கிப்போன போர்வை குளிர் தாங்காததும் இதனால்தான்.

இதற்காக 1792-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் அளித்தது. அதே வருஷம் அங்கே ஊரில் மனைவி இறந்துபோனார். மகளை 1796-இல்தான் மறுபடி பார்த்தார். பிரபுப் பட்டம் வந்தபோது, தாம் பாடம் சொல்லிக்கொடுத்த, மனைவியை விட்டுவந்த அந்த ஊரின் பழைய பெயரையே வைத்துக்கொண்டார்: ரம்போர்டு. 1814-இல் பாரிஸ் நகருக்கு அருகே காலமானார்.