விண்வழி கண்ட ஆசிரியர்

செவிப்புலன் குன்றியவர் பள்ளியிற் பயில்வது அரிது. பள்ளிக் கல்வியை இழந்தவர் பிறர்க்கு ஆசிரியராதல் அதனினும் அரிது. அங்ஙனம் ஆசிரியரான ஒருவர், மனிதர் விண்வெளிக்குச் செல்லும் வழியைக் கணக்கிட்டுக் காட்டியது வியப்பினும் வியப்பன்றோ? அவ்வருஞ்செயலைப் புரிந்தவர் உருசிய நாட்டு அறிஞர் கான்ஸ்டாண்டின் சியோல்கோவ்ஸ்கி ஆவார்.

இவர் ரியாசான் மாகாணத்திலுள்ள இஷெவ்ஸ்கோயே என்னும் சிற்றூரில் 1857ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17ஆம் நாள் பிறந்தார். இவருக்கு ஏறத்தாழப் பத்து வயது நிரம்பியபொழுது ஸ்கார்லெட் காய்ச்சல் என்னும் கொடிய நோய் பற்றியது. உயிர் தப்பினாலும், காது கேட்கும் ஆற்றல் பெரிதும் குறைந்தது. ஆசிரியரின் சொல் செவியில் விழாமையால் பள்ளிப்படிப்பு நின்றது. அன்புடன் எழுத்தறிவித்த அன்னையாரும் இவருடைய பதின்மூன்றாம் வயதில் மறைந்தார். தனிமையில் வாடிய சிறுவருக்குத் தந்தையாரின் நூல்களே தோழர்களாயின.

பதினாறாம் வயதில் இவர் மாஸ்கோ நகருக்குச் சென்றார். அங்கு எக்கல்லூரியிலும் சேர்ந்தாரில்லை. பொது நூலகத்தையே கல்லூரியாகக் கொண்டார். கணிதம், இயற்பியல், வானநூல் ஆகியவற்றைத் தாமே கற்றார். தந்தையார் அனுப்பிய சிறு தொகையை நூல்களுக்கும் சோதனைப் பொருள்களுக்கும் செலவிட்டு, கறுப்பு ரொட்டியும் தண்ணீருமே உணவாக மூன்றாண்டுகளைக் கழித்தார்.

1879ஆம் ஆண்டு ஆசிரியர் தேர்வில் வெற்றியெய்தி, மறு ஆண்டு போரோவ்ஸ்க் நகரில் கணித ஆசிரியராக அமர்ந்தார். அக்காலத்தில் வளிகளின் இயக்கம்பற்றி ஆராய்ந்து, கட்டுரையொன்றைத் தலைநகரிலிருந்த அறிஞர் கழகத்திற்கு அனுப்பினார். அவ்வுண்மைகள் பல்லாண்டுகட்கு முன்னரே பிறரால் கண்டறியப்பட்டவை என்று விடை வந்தது. அறிஞர் உலகினின்று விலகி வாழ்ந்த இவர் அதனை அறிந்திருக்கவில்லை. ஆயினும் இவர் உளம் தளரவில்லை. பெரியோர் கண்ட உண்மையைத் தாமும் தனித்துக் காண இயன்றதே என்று ஊக்கமே கொண்டார்.

1892இல் கலூகா நகருக்கு மாற்றப்பட்டார். பகலில் மாணவர்க்குக் கணிதம் கற்பித்தார். எஞ்சிய பொழுதில் ஆராய்ச்சி செய்தார். தகரத்தால் தாமே செய்த செவிக்குழலைக் காதில் வைத்துப் பிறர் பேச்சைக் கேட்பார். 1897இல் காற்றின் தடையை அளப்பதற்குரிய காற்றுக்குகை ஒன்றைத் தம் கையாலேயே அமைத்தார்.

1903ஆம் ஆண்டு இவர் வெளியிட்ட கட்டுரை இவருடைய பெயரை நிலைபெறச் செய்தது. காற்றில்லா வெளியில் சிறகினால் பயன் இல்லை. வாணம் நெருப்பைக் கீழே கக்கி மேலே எழுவதுபோல, வளியைப் பின்னே உமிழ்ந்து முன்னே பாயும் ராக்கெட்டே அங்குச் செல்ல வல்லது. வெளியேறும் வளியின் விரைவும், எரிபொருளுடன் கூடிய எடைக்கும் அஃது எரிந்தபின் எஞ்சும் எடைக்கும் உள்ள விகிதமும் ராக்கெட்டின் விரைவை உறுதிசெய்யும் என்பதை இவர் கணித வாய்பாட்டால் நிறுவினார். வெடிமருந்து போதாது, நீர்ம ஹைடிரஜனும் நீர்ம ஆக்சிஜனும் வேண்டும் என்றும் கூறினார். எரிபொருளை இருமடங்காக்கினால் விரைவு இருமடங்காகாது என்பதும் அவ்வாய்பாட்டால் விளங்கிற்று. இவ்விடரைக் கடக்க, வெறுமையான பகுதிகளைக் கழற்றி எறிந்து செல்லும் அடுக்கு ராக்கெட்டை 1929இல் விளக்கினார்.

இவருடைய கட்டுரையை முதலில் பொருட்படுத்தினோர் சிலரே. கற்பனையில் உழல்பவர் என்று நகைத்தோரும் உளர். 1908இல் ஓகா ஆற்று வெள்ளம் வீட்டினுட் புகுந்து, அரிய குறிப்புகள் பலவற்றை அழித்தது. இவர் மீண்டும் எழுதத் தொடங்கினார். 1921இல் அரசாங்கம் இவருக்கு வாழ்நாள் உதவித்தொகை வழங்கியது.

இவர் 1935ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 19ஆம் நாள் கலூகாவில் உயிர்நீத்தார். தம் வாழ்நாளில் ஒரு ராக்கெட்டையேனும் இவர் விண்ணில் ஏவினாரல்லர். ஆயினும், இவர் பிறந்த நூறாம் ஆண்டாகிய 1957இல் முதற் செயற்கைத் துணைக்கோள் புவியை வலம் வந்தது. 1961இல் யூரி ககாரின் விண்வெளி சென்று மீண்டார். இரண்டும் அடுக்கு ராக்கெட்டினாலேயே ஏவப்பட்டன. நிலவின் மறுபக்கத்துப் பெருங்குழி ஒன்று இன்று இவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

விதைத்தவர் கனியை உண்ணாதொழியலாம்; எனினும் விதைத்தவரின்றிக் கனி ஏது? குறையை எண்ணிக் கலங்காது, உள்ள ஆற்றலைக்கொண்டு உழைப்பவர்க்கு வானமும் தொலைவன்று என்பதற்குச் சியோல்கோவ்ஸ்கியின் வாழ்க்கையே சான்றாகும்.