வேகவீரர் பர்ட் மன்ரோ

நம் விடுதி வாயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களில் சில நம்மைவிட வயதில் மூத்தவை. படிப்பை முடித்துப் போகிறவர் விற்க, புதிதாய் வருகிறவர் வாங்க, பல கை மாறியவை. குளிர்காலக் காலையில் அவற்றை உதைத்து உதைத்துக் கால் ஓயும்போது, புது வண்டி வாங்க வழியில்லையே என்று நாம் நொந்துகொள்கிறோம். அப்படி நொந்துகொள்ளும் நண்பர்களுக்காகவே இந்த வரலாற்றை எழுதுகிறேன். 1920-ஆம் ஆண்டு வாங்கிய ஒரு வண்டியைக் கைவிடாமல் சீர்செய்து, 1967-இல் அதே வண்டியில் உலகச் சாதனை படைத்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் பர்ட் மன்ரோ.

நியூசிலாந்து நாட்டின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அங்கே 1899-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் மன்ரோ பிறந்தார். அவருடன் இரட்டையாய்ப் பிறந்த பெண் குழந்தை பிறப்பிலேயே இறந்தது. அருகிலிருந்த எடன்டேல் என்னும் சிற்றூரில், பண்ணை வீட்டில் அவர் வளர்ந்தார். குதிரையின் வேகத்தில் தொடங்கிய ஆசை மோட்டார் சைக்கிளில் வந்து நின்றது.

1920-இல் அவர் 'இந்தியன் ஸ்கவுட்' என்னும் வண்டியை வாங்கினார். பெயரைக் கண்டு நம் நாட்டு வண்டி என்று மகிழ்ந்துவிட வேண்டா! அது அமெரிக்காவில், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் செய்யப்பட்டது. இரண்டு சிலிண்டர்கள், 600 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர் வேகம். ஊர் சுற்றுவதற்கு அது போதும். மன்ரோவுக்குப் போதவில்லை. 1926 முதல் அவர் அந்த வண்டியை மாற்றத் தொடங்கினார்.

பகலில் மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் பழுது பார்ப்பவராகவும் வேலை. இரவெல்லாம் சொந்த வண்டியில் வேலை. விடிந்ததும் மீண்டும் பிழைப்பு. கையில் பணமில்லை. ஆகவே வேண்டிய உறுப்புகளைத் தாமே செய்துகொண்டார். பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பிஸ்டன்களை வார்த்தார். பழைய எரிவாயுக் குழாயிலிருந்து சிலிண்டர்களை உருவாக்கினார். டிராக்டர் அச்சு ஒன்றின் எஃகைக் கையாலேயே அறுத்து அராவிக் கனெக்டிங் ராடுகளாக்கினார். நுண்ணளவு பார்க்கும் மைக்ரோமீட்டரைக்கூடச் சக்கரத்தின் பழைய ஆரக்கம்பியிலிருந்து செய்துகொண்டார்.

அவர் செய்த மாற்றங்கள் கண்மூடித்தனமானவை அல்ல. முதலில் அந்த எஞ்சினில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. காற்றும் எரிபொருளும் வளைந்து வளைந்து உள்ளே செல்ல வேண்டியிருந்தது. மன்ரோ வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மேலே கொண்டுவந்தார். எஞ்சின் தாராளமாக மூச்சு விட்டது. இரண்டு கேம்கள் இருந்த இடத்தில் நான்கு கேம்களை அமைத்தார். ஒவ்வொரு வால்வும் தனக்குரிய நேரத்தில் திறந்து மூடிற்று. உயவு எண்ணெய் ஓடும் முறையையும் மாற்றினார். கொள்ளளவு படிப்படியாக 950 கன சென்டிமீட்டராயிற்று.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் தடையை வெல்ல வேண்டிய திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் திறன் எட்டு மடங்கு வேண்டும். மன்ரோவின் வண்டி எட்டிய வேகமோ பழைய வேகத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். வண்டியின் உருவம் மாறாதிருந்தால் முப்பத்தைந்து மடங்குக்கும் அதிகமான திறன் தேவைப்பட்டிருக்கும்! எஞ்சினை மட்டும் வளர்த்தால் போதாது என்பது இதனால் விளங்கும். ஆகவே காற்றைப் பிளந்து செல்லும் நீண்ட கூடு ஒன்றையும் அவர் வண்டிக்குப் பூட்டினார்.

இவ்வளவுக்கும் அவர் விலை கொடுக்காமலில்லை. 1947-இல் மணமுறிவு நேர்ந்தது. பின்னர் வேலையையும் விட்டார். வண்டியோடு ஒரு கொட்டகையிலேயே வாழ்ந்தார். எஞ்சின் வெடித்துச் சிதறிய நாட்கள் எண்ணற்றவை. ஆனால் உடைந்த உறுப்புகளை அவர் வீசி எறியவில்லை. அவற்றை ஓர் அலமாரியில் வரிசையாக அடுக்கி, வேகத்தின் தெய்வத்திற்குத் தாம் செலுத்திய காணிக்கை என்று எழுதியும் வைத்தார்.

1940-இல் மணிக்கு 120.8 மைல் வேகத்தில் நியூசிலாந்தின் சாலைச் சாதனையை ஏற்படுத்தினார். ஐம்பதுகளின் இறுதியில் இதய வலி அவரைப் பற்றிக்கொண்டது. அப்போதும் அவர் ஓயவில்லை. கடல் கடந்து அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள பானவில் உப்புவெளிக்கு வண்டியைக் கொண்டுசென்றார். 1962-இல் 178.97 மைல் வேகம் கண்டு தம் பிரிவில் சாதனை நிறுவினார். 1967-இல், அறுபத்தெட்டாம் வயதில், 1,000 கன சென்டிமீட்டர் பிரிவில் அவர் ஏற்படுத்திய சாதனை 183.58 மைல் என்று பதிவாயிற்று. வண்டிக்கு அப்போது நாற்பத்தேழு வயது! அந்த 'இந்தியன்' நிறுவனமோ 1953-லேயே உற்பத்தியை நிறுத்தியிருந்தது.

1977-இல் பக்கவாதம் தாக்கியது. தம் வண்டி பிறநாட்டுக்குப் போய்விடலாகாது என்பதே அவருடைய கவலை. உள்ளூர் வணிகர் ஒருவரிடமே அதை விற்றார். 1978 சனவரி 6-ஆம் நாள் மறைந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. இரு திசை ஓட்டங்களின் சராசரியே சாதனை வேகம். 1967-இல் அந்தக் கணக்கில் பிழை நேர்ந்திருந்ததைப் பல ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகன் கண்டுபிடித்தார். 2014-இல் சாதனை 184.087 மைல் எனத் திருத்தப்பட்டது. தந்தை இறந்து முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் அரை மைல் வேகம் அவர் கணக்கில் சேர்ந்தது!

நண்பர்களே! நானும் என் ஆய்வுக்காகப் பழைய வெற்றிடப் பம்பு ஒன்றோடு நான்கு மாதங்களாகப் போராடி வருகிறேன். தேய்ந்த வளையங்களையும் பிளந்த குழாய்களையும் வெட்கத்தோடு குப்பையில் போட்டுவந்தேன். மன்ரோவின் வரலாற்றைப் படித்த நாள் முதல் அவற்றை ஒரு பெட்டியில் சேர்க்கிறேன். எது, எந்த அழுத்தத்தில், ஏன் போயிற்று என்று சீட்டு எழுதி ஒட்டுகிறேன். ஒரே வளையம் ஒரே பக்கத்தில் மூன்று முறை தேய்ந்திருந்தது. தண்டு சற்றே வளைந்திருப்பது அதன் பிறகுதான் தெரிந்தது. புதுக் கருவி கிடைத்திருந்தால் இதைக் கற்றிருக்கமாட்டேன்.

ஊரைவிட்டு இரண்டு நாள் ரயில் பயணத் தொலைவில், உள்ளதைக் கொண்டு ஓட்டும் நமக்கு அந்த அலமாரி ஒரு பாடம். நாளைக் காலையில் உங்கள் வண்டி கிளம்பாவிட்டால், அதை ஏசாதீர்கள். பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள்.