ஹாப்கின்ஸின் கண்ணாடிக் குச்சிகள்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, ஹாஸ்டல் நினைவுகளை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா வேறு பக்கம் போய்விட்டது. பழைய மாணவர்கள் பொறுத்தருள்க.

என் பெரியக்காவுக்கு 42 வயதில் கணையத்தின் வால் பகுதியில் ஒரு கட்டி. உள்ளே சளி போன்ற திரவம் நிறைந்த அபூர்வ வகை. பெரும்பாலும் பெண்களுக்கே வருமாம். விட்டுவைத்தால் புற்றுநோயாக மாறலாமாம். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சின்னத் துளைகள் வழியே எடுத்துவிடலாம், மண்ணீரலையும் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மண்ணீரலின் ரத்தக் குழாய்கள் அதை ஒட்டியே ஓடுகின்றன. அவற்றிலிருந்து கணையத்துக்குப் பிரியும் நூல் போன்ற கிளைகளை ஒவ்வொன்றாக அடைத்து வெட்ட வேண்டும். ஒன்று தவறினால் ரத்தம் பெருகிவிடும். அந்த இருட்டில் இதெல்லாம் எப்படிங்க கண்ணுக்குத் தெரியும்? இஞ்சினியர் புத்தி, கேட்டுவிட்டேன். உள்ளே விடும் மெல்லிய குழாயைக் காட்டி அவர் சொன்ன பெயர்தான் ஹாப்கின்ஸ். அன்று முதல் அந்த மனிதரைத் தேடித் தேடிப் படித்தேன்.

ஹெரால்டு ஹாப்கின்ஸ் 1918-ல் லண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். உதவித்தொகையால் படித்தவர். மொழிகளிலும் கலைகளிலும் கெட்டிக்காரராக இருந்தவரைப் பள்ளியில் இயற்பியல் பக்கம் திருப்பிவிட்டார்கள். (நம்மில் எத்தனை பேருக்கு இதே கதை!) 1939-ல் லெஸ்டரில் பட்டம், பிறகு லென்ஸ் கம்பெனியில் வேலை. போர் வந்ததும் ஏதோ குளறுபடியில் ராணுவத்தில் சேர்த்து, பாலங்களைத் தகர்க்கப் பயிற்சி கொடுத்தார்களாம்! நல்லவேளை, மீண்டும் லென்ஸ் வேலைக்கே திரும்பினார். 1947-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். பி.பி.சி.க்கு ஜூம் லென்ஸ் வடிவமைத்துக் கொடுத்தார். கண்ணாடி இழைகளைக் கட்டாகச் சேர்த்துப் படத்தைக் கடத்திக் காட்டி, 1954-ல் மாணவர் நரிந்தர் சிங் கபானியுடன் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஃபைபர் என்றதும் நாம் பரீட்சையில் கபானி பெயரைத்தான் எழுதினோம். அவருடைய ஆசிரியர் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை.

விஷயம் இனிமேல்தான். லிவர்பூலைச் சேர்ந்த ஜேம்ஸ் கௌ என்ற சிறுநீரகத் துறை டாக்டர், சிறுநீர்ப்பைக்குள் போட்டோ எடுக்க முடியவில்லை, வெளிச்சம் போதவில்லை என்று இவரிடம் வந்தார். அந்தக் காலக் குழாயில் குட்டிக் குட்டி லென்ஸ்கள், நடுவே நீண்ட காற்று இடைவெளி. ஹாப்கின்ஸ் அதைத் தலைகீழாக்கினார். காற்று இருந்த இடமெல்லாம் நீண்ட கண்ணாடிக் குச்சி. லென்ஸ் இருந்த இடத்தில் மெல்லிய காற்று இடைவெளி. அவ்வளவுதான்! கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. அதன் வர்க்கம் இரண்டேகால். வெளிச்சமும் அத்தனை மடங்கு. லென்ஸ்களை எட்ட நிறுத்த வைத்திருந்த உட்குழாய்களும் தேவையில்லாமல் போனதால், அவை அடைத்துக்கொண்டிருந்த இடமும் வெளிச்சத்துக்கே கிடைத்தது. முதலாண்டு ஃபிசிக்ஸ் லேபில் சோடியம் விளக்கின் முன் கண் வலிக்க உட்கார்ந்தவர்களுக்கு இந்த எளிமையின் அருமை புரியும்.

1959-ல் காப்புரிமைக்குப் பதிவு செய்தார். இங்கிலாந்து, அமெரிக்கக் கம்பெனிகள் கண்டுகொள்ளவில்லை. வருஷங்கள் ஓடின. ஜெர்மனியின் கார்ல் ஸ்டோர்ஸ் மட்டும் மதிப்பை உணர்ந்து, 1967-ல் கருவியாகவே கொண்டுவந்தார். இழை வழியே வெளிச்சம் உள்ளே போகிறது, குச்சி வழியே படம் வெளியே வருகிறது. ஹாப்கின்ஸின் இரண்டு உழைப்பும் ஒரே குழாயில்!

அதே 1967-ல் ரீடிங் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ராயல் சொசைட்டி 1984-ல் ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது. நோபல் கிடைக்கவில்லை, அதில் எனக்கு வருத்தமே. 1994 அக்டோபரில் காலமானார். கணையத்தின் தலைப் பகுதியை லேப்ராஸ்கோப் வழியே அகற்றியதைக் கனடா டாக்டர்கள் மருத்துவ இதழில் அறிவித்ததும் அதே 1994-ல்தான்.

அக்காவின் ஆபரேஷன் ஐந்து மணி நேரம் நடந்தது. மண்ணீரல் தப்பியது. பயாப்சியில் புற்று இல்லை. ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் கொடுத்த வீடியோவைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான்தான் மூன்று தடவை பார்த்தேன். அந்த நீல நிற ரத்தக் குழாய் அப்படித் துல்லியமாகத் தெரிகிறது.