தேர் வராத தெருவில் ஒலித்த நாகசுரம்: காருகுறிச்சி அருணாசலமும் ஓர் இசைத்தட்டு எழுப்பும் உரிமைக் கேள்விகளும்

கரிசல் நிலத்தின் நடுவே நிற்கும் கோவில்பட்டியில் ஒரு நாகசுரக் கலைஞருக்குச் சிலை இருக்கிறது. தீப்பெட்டித் தொழிலாலும் பருத்தி ஆலைகளாலும் வளர்ந்த ஓர் ஊர், அரசியல் தலைவர்களுக்கு நடுவே ஓர் இசைக் கலைஞரையும் நினைவில் நிறுத்தியிருப்பது அரிய செய்தி. அவர் காருகுறிச்சி அருணாசலம். 1962ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளியான ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு இணைந்து ஒலித்த அவருடைய நாகசுரம், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் திருமணப் பந்தல்களில் ஒலிக்கிறது. அவர் தலித் அல்லர். எனினும் அவர் வாழ்வையும் அந்த இசைத்தட்டின் பயணத்தையும் சாதியின் கண் கொண்டு படிக்க வேண்டிய தேவை நமக்கு இருக்கிறது. யார் வாசிக்கலாம், யார் கேட்கலாம், எந்தத் தெருவில் எந்த ஒலி எழலாம் என்பவற்றைச் சாதியே தீர்மானித்த ஒரு சமூகத்தில் நிகழ்ந்த வெற்றி அது.

அருணாசலம் 1921இல், தாமிரவருணிப் பாசனப் பகுதியில் சேரன்மாதேவியை அடுத்த காருகுறிச்சியில் பிறந்தார். நாகசுரம் என்றால் தஞ்சை மண்ணும் அங்குள்ள இசைக் குடும்பங்களுமே என்று கருதப்பட்ட காலம் அது. வாத்தியம், குருகுலம், கோயில் மானியம் ஆகிய மூன்றும் பரம்பரையாகக் கைமாறின. அந்த வட்டத்திற்கு வெளியே, தெற்குக் கோடியில் பிறந்த ஒருவர், அன்று நாகசுர உலகின் தலைமகனாக விளங்கிய திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் மாணவரானார். ஆசானுடன் இரண்டாம் நாகசுரம் வாசித்தபடியே கற்றார். ஆசானின் ராக ஆலாபனை முறையை உள்வாங்கிக்கொண்டு, தமக்கென ஓர் இனிமையான வாசிப்பை உருவாக்கினார். 1956 டிசம்பரில் ராஜரத்தினம் மறைந்தபோது, அந்தப் பாணியின் முதன்மையான வாரிசாக அருணாசலமே அறியப்பட்டார்.

ராஜரத்தினத்திடம் அவர் கண்டது இசையோடு நின்றுவிடவில்லை. நாகசுரக்காரர் சுவாமி புறப்பாட்டில் முன்னே நடக்க வேண்டும்; மேலாடையை இடுப்பில் கட்ட வேண்டும்; செல்வர் வீட்டுத் திருமணத்தில் நின்றபடியோ ஓர் ஓரத்தில் அமர்ந்தோ வாசிக்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடையும் தம்புராவும் இருந்தன. நாகசுரக்காரருக்கு வாசலும் ஒத்தும் இருந்தன. இந்த ஒழுங்கை ராஜரத்தினம் ஏற்க மறுத்தார். கிராப்பு வைத்தார், கோட்டும் ஷெர்வானியும் அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையை வற்புறுத்திப் பெற்றார். அவருடைய திமிர் பற்றிய கதைகளை இன்றும் சுவையாகச் சொல்கிறார்கள். அவற்றை ஒரு தனிமனிதரின் குணவிசேடமாகச் சுருக்குவது பிழை. ஊழியச் சாதியாக நடத்தப்பட்ட ஒரு கலைஞர் கூட்டத்தின் தன்மான அறிவிப்பு அது.

அம்பேத்கர் விளக்கிய படிநிலைச் சமமின்மையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். இப்படிக்கட்டில் ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், கீழேயும் ஒருவர் இருக்கிறார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது ஒரு நாகசுரக் கலைஞரை முதன்முதலாக அடைந்தது 1956இல்தான்; அதைப் பெற்றவர் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை. ராஜரத்தினத்திற்கு அது கிடைக்கவே இல்லை. அடுத்த நாகசுரக் கலைஞராக ஷேக் சின்ன மௌலானா அதைப் பெற 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேலே இப்படி மறுக்கப்பட்ட நாகசுரக்காரருக்குக் கீழே, கோயில் வாசலையே நெருங்க முடியாத பறைக் கலைஞர் இருந்தார். இருவரும் தோலும் மூச்சும் கொண்டு உழைத்தவர்களே. ஒருவரின் ஒலி மங்களம் எனப்பட்டது. மற்றவரின் ஒலி சாவுக்கு ஒதுக்கப்பட்டது. தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் தேவையான தோலைப் பதப்படுத்தும் கைகளை அதே மேடை நினைத்துப் பார்க்கவில்லை. மிருதங்கம் செய்யும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு நூல் எழுதிய பிறகே, கர்நாடக இசை உலகில் அக்கேள்வி உரத்துப் பேசப்பட்டது.

அருணாசலம் குடியேறிய கோவில்பட்டி வட்டாரம், எந்த ஊர்வலம் எந்தத் தெருவில் செல்லலாம் என்பதற்காக இரத்தம் சிந்திய நிலம். அருகிலுள்ள கழுகுமலையில் 1895இல் தேர்வீதி உரிமை குறித்து எழுந்த மோதலில் உயிர்கள் பலியாயின. அன்று தீண்டத்தகாதவர்போல் நடத்தப்பட்ட நாடார்கள் 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்கு எதிரான வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1908இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று. மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் 1947இல் வந்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் 1955இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1957 செப்டம்பர் 11 அன்று, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. ‘கொஞ்சும் சலங்கை’ வெளிவந்தது அதற்கு ஐந்தாவது ஆண்டில்.

எம்.வி. ராமன் இயக்கிய அப்படத்தில் ஜெமினி கணேசன் நாகசுரக் கலைஞராகவும் சாவித்திரி பாடகியாகவும் நடித்தனர். எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையமைத்தார், கு.மா. பாலசுப்பிரமணியம் பாடல் எழுதினார். ஆபேரி ராகத்தில் அமைந்த ‘சிங்கார வேலனே தேவா’ பாடலில் குரலும் நாகசுரமும் ஒன்றையொன்று தொடர்ந்தும் துரத்தியும் செல்கின்றன. பெண்குரலுக்கு இணையாக ஒரு பெருவாத்தியத்தைத் தணித்து வாசிப்பது எளிதன்று. அருணாசலத்தின் நயம் அங்கே வெளிப்பட்டது. திரைக்கு வந்து ஐந்தாண்டே ஆகியிருந்த, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ஜானகிக்குத் தமிழ்நாட்டில் நிலையான பெயரைத் தந்தது இப்பாடல். தெலுங்கு வடிவத்திலும் அது பரவியது. இந்தியில் 1959இல் வெளிவந்த ‘கூஞ்ச் உட்டீ ஷெனாய்’ படத்தில் பிஸ்மில்லா கானின் ஷெனாய் ஒலித்ததை இதற்கு இணையாகச் சொல்லலாம். கோயிலோடும் ஊர்வலத்தோடும் கட்டுண்ட இரு வாத்தியங்கள், மூன்றாண்டு இடைவெளியில் திரைவழியே வெகுமக்களிடம் வந்து சேர்ந்தன.

இன்று ஒரு பாடலின் வெற்றியைத் தரவரிசைப் பட்டியலும் கேட்புக் கணக்கும் சொல்லிவிடுகின்றன. மேற்கில் 1950களிலேயே வாராந்திரப் பட்டியல்கள் வந்துவிட்டன. இலங்கை வானொலியிலிருந்து ஒலித்த ‘பினாகா கீத்மாலா’ இந்திப் பாடல்களை வரிசைப்படுத்தியது. கரிசல் காட்டில் அத்தகைய பட்டியல் ஏதும் இல்லை. அங்கே வெற்றியை அளந்தது ஒலிபெருக்கி. 1952இல் அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குக் கதவடைத்தார். தூய இசை எது, கீழான இசை எது என்று அரசே வகுத்த அந்த முடிவிலும் சாதியின் சாயல் உண்டு. மக்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்ட பிறகே திரைப்பாடல் அரசு வானொலிக்குத் திரும்பியது. திருநெல்வேலிக்கென வானொலி நிலையம் வந்தது 1963 டிசம்பரில். அதுவரை ஊருக்கு ஊர் பாட்டைச் சுமந்து சென்றவை, நம் பக்கத்தில் ‘ரேடியோ செட்’ என்று வழங்கிய வாடகை ஒலிபெருக்கிகளே.

அந்த ஒலிபெருக்கி செய்த ஒரு காரியத்தை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. தேர் வராத, சுவாமி புறப்பாடு எட்டிப் பார்க்காத தெருக்களுக்கு நாகசுரத்தை அது கொண்டு சேர்த்தது. தலைசிறந்த வாசிப்பைக் கேட்க வேண்டுமானால் கோயில் வீதியிலோ பண்ணையார் வீட்டுப் பந்தலிலோ நிற்க வேண்டும். அங்கே நிற்பதற்கே சாதித் தகுதி வேண்டும் என்ற நிலையை இசைத்தட்டு தளர்த்தியது. இசைத்தட்டு தீட்டுப் பார்ப்பதில்லை. காசு கொடுத்து வாடகைக்கு எடுத்தவர் வீட்டுத் திருமணத்தில், அவர் எச்சாதியாராயினும், அருணாசலம் வாசித்தார்.

இதைப் புரட்சி என்று கொண்டாடிவிடவும் முடியாது. தலித் தெருவில் ஒலிபெருக்கி கட்டுவதே தகராறுக்குக் காரணமான ஊர்கள் தென்மாவட்டங்களில் பல. ‘தேவர் மகன்’ 1992இல் வெளிவந்த பிறகு, அதன் பாடல் ஒன்று சாதிப் பெருமையின் முழக்கமாக இதே ஒலிபெருக்கிகளில் தலித் மக்களைச் சீண்டும் வகையில் ஒலிக்கப்பட்டதையும் இந்தப் பகுதி மறக்கவில்லை. கருவி பொதுவாயிற்று, தெரு பொதுவாகவில்லை.

அருணாசலம் 1964 ஏப்ரலில் மறைந்தார். வயது 43. அந்த இசைத்தட்டின் வெற்றியை அவர் கண்டது இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான காலமே. வழக்குரைஞர்களாகிய நமக்கு இங்கிருந்து வேறொரு கேள்வி தொடங்குகிறது. அப்பாடலில் சட்டப்படி அவருக்கு என்ன உரிமை இருந்தது?

எதுவும் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாடலாசிரியரை அறிந்திருந்தது, இசையமைப்பாளரை அறிந்திருந்தது, தயாரிப்பாளரை நன்றாகவே அறிந்திருந்தது. வாசித்தவரையும் பாடியவரையும் அறியவில்லை. நிகழ்த்துநர் உரிமை என்ற கருத்தே 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் இந்தியச் சட்டத்தில் நுழைந்தது. அப்போது அருணாசலம் இறந்து முப்பது ஆண்டுகள். அதிலும், திரைப்படத்தில் சேர்க்க ஒருமுறை இசைவு தந்தால் உரிமை அற்றுப்போகும் என்ற நிபந்தனை இருந்தது. வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கு உரிமத்தொகையும், தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் தார்மிக உரிமையும் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 38ஏ, 38பி பிரிவுகளால் வந்தன. ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியீட்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள். 1962இல் வெளியான பதிவெனக் கொண்டால், 2022 இறுதியோடு அந்த ஒலிப்பதிவின் மீதான உரிமை முடிந்துவிட்டது. பாடல்வரிக்கும் இசையமைப்புக்கும் உரிய உரிமை வேறு, அது தொடர்கிறது. ஒலிப்பதிவு ஒருவருடைய சொத்தாக இருந்த அறுபது ஆண்டுகளிலும், அதை ஊதியவருக்கு அதில் சட்டப்படியான பங்கு இருந்ததில்லை.

பெரும்புகழ் பெற்ற ஒருவர் நிலையே இதுவென்றால், பெயரின்றிப் பதிவாகும் தலித் கலைஞர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். திரைப்பாடல்களிலும் விளம்பரங்களிலும் இன்று பறையும் உருமியும் விலைபோகின்றன. அடித்தவர் பெயர் எத்தனை பதிவுகளில் இருக்கிறது? எழுத்து ஒப்பந்தம் எத்தனை பேரிடம் இருக்கிறது? 38ஏ பிரிவு சட்டப் புத்தகத்தில் உண்டு. அதை எடுத்துக்காட்டி உரிமத்தொகை கேட்க, கலைஞரின் கையில் ஒரு தாளாவது இருக்க வேண்டும்.

கோயில் நாகசுரத்தின் கதவும் சட்டத்தில் திறந்தே இருக்கிறது. இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 55ஆம் பிரிவை 1971ஆம் ஆண்டின் 2ஆம் சட்டம் திருத்தி, கோயில் பணியாளர் நியமனத்தில் பரம்பரை வாரிசு முறையை ஒழித்தது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவது குறித்தே இத்திருத்தம் பேசப்படுகிறது. அது நாகசுரக்காரர், தவில்காரர் பணியிடங்களுக்கும் பொருந்தும் என்பது பேசப்படுவதில்லை. பழனி போன்ற இடங்களில் அறநிலையத் துறைக் கோயில்களே நாகசுர, தவில் பள்ளிகளை நடத்துகின்றன. அங்கே சேர்ந்த தலித் மாணவர் எத்தனை பேர், அவர்களில் கோயில் பணியில் அமர்த்தப்பட்டோர் எத்தனை பேர் என்ற கணக்கைத் துறை தானே முன்வந்து வெளியிட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாகசுரம் வாசிக்கும் உரிமையைப் போலவே, பறை அடிக்க மறுக்கும் உரிமையும் உரிமைதான். ஊர்ச் சாவுக்குக் கூலியின்றிப் பறையடிக்க வற்புறுத்துவது கட்டாய உழைப்பு. அரசமைப்பின் 23ஆம் உறுப்பும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதைக் குற்றமாகவே காண்கின்றன. அதே பறையைத் தன் விருப்பத்தில், தன் பெயரோடு, உரிய ஊதியத்தோடு மேடையில் அடிப்பவர் கலைஞர். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் காவல் நிலையங்களும் கலை பண்பாட்டு நிறுவனங்களும் ஒருங்கே கற்க வேண்டும்.

காருகுறிச்சி அருணாசலம் சாதி ஒழிப்புப் போராளியாகத் தம்மை அறிவித்துக்கொண்டவர் அல்லர். அவர் வாசித்தார், அவ்வளவே. ஆனால் அவரைச் சுற்றி நிகழ்ந்தவற்றை நாம் கணக்கில் கொள்ள வேண்டும். தஞ்சைப் பரம்பரைக்கு வெளியே பிறந்தவர் அப்பரம்பரையின் தலைமாணவரானார். வாசலில் நின்ற வாத்தியம் மேடையேறியது. வீதியில் தடுக்கப்பட்ட ஒலி இசைத்தட்டேறித் தடுக்கப்பட்ட தெருக்களுக்குப் போனது. இசை மூன்று எல்லைகளைக் கடந்திருக்கிறது. நான்காவது எல்லை இன்னும் கடக்கப்படவில்லை: அந்தத் தெருக்களிலிருந்து ஒரு பெண்ணோ ஆணோ நாகசுரத்தோடு தேர்வீதிக்குச் சம்பளம் பெறும் கலைஞராக வர வேண்டும். அதற்கான சட்டம் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. நியமன ஆணைகளைத்தான் நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.