நகரத்தின் சாவியை மீட்டுத் தந்தவர்
சுரேந்திரநாத் பானர்ஜியின் வாழ்வும் பணியும்

கல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழருள் மாநகராட்சியின் தலைமைக் காரியாலயத்துக்கு ஒரு முறையேனும் செல்லாதவர் மிகச் சிலரே. பிள்ளை பிறந்ததைப் பதிவு செய்வதற்கும், வீட்டு வரி செலுத்துவதற்கும், குழாயில் தண்ணீர் வராத குறையை எடுத்துரைப்பதற்கும் அந்தச் செந்நிறக் கட்டிடத்தின் படிகளை நாம் ஏறி இறங்கியிருக்கிறோம். ஆயினும், அக்கட்டிடம் நிற்கும் வீதி எவர் பெயரைத் தாங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மிடையே எத்துணைப் பேர்? முன்னாளில் கார்ப்பரேஷன் வீதி என வழங்கிய அது, இன்று சுரேந்திரநாத் பானர்ஜி வீதி. அப்பெயர் அங்கே பொறிக்கப்பட்டதற்குப் பொருத்தமான காரணம் உண்டு. அந்நகர மன்றத்தைக் குடிமக்களின் கையில் ஒப்படைத்த சட்டம் அவர் மந்திரியாக இருந்து கொணர்ந்ததே ஆகும். தாம் திறந்து வைத்த கதவுக்கு வெளியே தாமே நிற்க நேர்ந்த அப்பெரியாரின் வரலாற்றை, நம் சங்கத்தின் ஆண்டு விழாவை ஒட்டி நினைந்து பார்ப்பது பொருந்தும் எனக் கருதுகிறோம்.

இளமையும் இடர்களும்

சுரேந்திரநாதர் 1848 ஆம் ஆண்டு நவம்பர் 10 ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் துர்காசரணர் பெயர் பெற்ற வைத்தியர். 1868 இல் ரமேச சந்திர தத்தர், பிகாரிலால் குப்தர் ஆகிய இரு நண்பர்களுடன் சுரேந்திரநாதர் கப்பலேறி இங்கிலாந்து சென்றார். ஐ.சி.எஸ். பரீட்சையில் தேறியும், வயதைப் பற்றிய ஐயம் ஒன்றைக் காட்டி அவரை விலக்கினர். வழக்காடி வென்று, 1871 இல் சில்ஹட் நகரில் உதவி மாஜிஸ்திரேட்டாகப் பதவி ஏற்றார். மூன்றாண்டு கழிவதற்குள், ஒரு வழக்கின் ஏட்டில் நேர்ந்த பிழையைப் பெருங்குற்றமாக்கி அவரை வேலையினின்றும் நீக்கிவிட்டனர். முறையிட மீண்டும் இலண்டன் சென்றார், பயன் விளையவில்லை. பாரிஸ்டர் ஆகும் வழியும் அடைக்கப்பட்டது.

இருபத்தாறு வயதில் வாழ்வின் வாயில்கள் யாவும் மூடப்பட்ட நிலையில் 1875 இல் தாயகம் திரும்பிய அவருக்கு, ஈசுவர சந்திர வித்யாசாகரர் தம் கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் பதவி அளித்து ஆதரித்தார். மறு ஆண்டு ஜூலை 26 ஆம் நாள், ஆனந்தமோகன் போஸ் முதலியோருடன் சேர்ந்து இந்தியச் சங்கத்தை நிறுவினார். அன்று காலையில்தான் அவருடைய இளம் மைந்தன் இறந்துபோனான். மாலையில் கூட்டத்துக்கு வந்து, எழுந்த எதிர்ப்புகளுக்கு விடையளித்துச் சங்கத்தை நிலைநிறுத்திய பின்னரே அவர் வீடு திரும்பினார்.

ஐ.சி.எஸ். பரீட்சைக்குரிய வயது வரம்பை 21 இலிருந்து 19 ஆகக் குறைத்தபோது, அதனை எதிர்த்து நாடெங்கும் சுற்றிப் பேசினார். வடநாட்டுப் பயணத்தை முடித்துக்கொண்டு, 1877-78 குளிர்காலத்தில் மேற்கிலும் தெற்கிலும் பயணம் செய்து சென்னைக்கும் வந்தார். காங்கிரஸ் மகாசபை தோன்றுவதற்கு எட்டாண்டு முன்னரே, வங்கமும் தமிழகமும் ஒரே குறையை ஒரே குரலில் உரைக்கலாம் என்பதை அப்பயணம் காட்டிற்று. பின்னர் 1895 இலும் 1902 இலும் காங்கிரஸின் தலைமை அவரை நாடி வந்தது. வெள்ளையர்கள் அவருடைய பெயரைத் திரித்துச் 'சரண்டர் நாட்', அதாவது பணியாதவர், என்று கேலியாக அழைத்தனர். கேலியே பட்டமாக நிலைத்துவிட்டது.

நகர மன்றத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள்

அவருடைய மேடைப் பேச்சின் முழக்கத்தை உலகம் அறியும். நாம் இங்கே சிறப்பாகச் சொல்ல விழைவது, முழக்கமில்லாத அவருடைய மற்றொரு பணியை. 1876 இல் கல்கத்தா நகர மன்றத்துக்கு முதன் முதலாகத் தேர்தல் முறை வந்தது. அவ்வாண்டே அவர் உறுப்பினரானார். குடிநீர், சாக்கடை, விளக்கு, குப்பை, அம்மை குத்துதல் என்பவை பற்றிய நீண்ட விவாதங்களில் அமர்ந்து, அவர் இருபத்து மூன்று ஆண்டுகள் உழைத்தார். தாம் வாழ்ந்த பாரக்பூர்ப் பகுதியின் சிறு நகரசபைக்கும் தலைவராக இருந்தார். அப்பகுதியிலுள்ள பல்தாவில் ஹூக்ளி நதியின் நீரைத் தேக்கித் தெளிவித்துக் குழாய் வழியே கல்கத்தாவுக்கு அனுப்பும் ஏற்பாடு 1870 ஆம் ஆண்டளவில் அமைந்தது. இன்றும் நகரின் பெரும் பகுதி அருந்துவது பல்தாவின் தண்ணீரையே.

1882 ஆம் ஆண்டு மே மாதம் 18 ஆம் நாள் ரிப்பன் பிரபு ஸ்தல சுயாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். நிர்வாகம் சற்றுத் தளர்ந்தாலும் தாழ்வில்லை, மக்கள் தம் காரியத்தைத் தாமே பார்க்கப் பழக வேண்டும் என்பது அதன் கருத்து. அக்கருத்தைச் சுரேந்திரநாதர் தம் வேதமாகவே கொண்டார். தாம் வளர்த்த கல்லூரிக்கு ரிப்பன் பெயரையே சூட்டினார். அது இன்று அவர் பெயரால் விளங்குகிறது. நம் சென்னையின் மாநகராட்சி மாளிகையும் ரிப்பன் பெயர் தாங்கியிருப்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இடையே 1883 இல், தம் பத்திரிகையாகிய 'பெங்காலி'யில் ஒரு நீதிபதியைக் கண்டித்து எழுதியதற்காக இரு மாதச் சிறைவாசம் அனுபவித்தார். வழக்கில் சாளக்கிராமத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவரச் செய்ததே அவர் கண்டனத்துக்குக் காரணம். அவர் சிறை சென்றபோது மாணவர்கள் திரண்டெழுந்தனர்.

இருபத்தெண்மர் விலகல்

1896 இல் லெப்டினன்ட் கவர்னர் சர் அலெக்சாண்டர் மெக்கன்ஸி, கழிவுநீர்த் திட்ட வேலை ஒன்றைத் தொடங்கி வைக்கும் விழாவில், நகர மன்றத்தார் பேச வல்லவரேயன்றிச் செய்ய வல்லவரல்லர் என்னும் கருத்துப்படக் கடிந்து பேசினார். 1898 இல் பிளேக் நோயின் அச்சம் நகரைப் பற்றியது. நகரின் சுகாதாரத்தைக் காரணமாகக் காட்டி, மன்றத்தின் அதிகாரங்களைப் பறிக்கும் மசோதா சட்டசபைக்கு வந்தது. சட்டசபை உறுப்பினராகவும் இருந்த சுரேந்திரநாதர் அதனை விதி விதியாக எதிர்த்தார். கர்சன் பிரபுவோ அதனை மேலும் கடுமையாக்கினார். தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் தொகை 50 இலிருந்து 25 ஆகக் குறைந்தது. மக்களின் பிரதிநிதிகள் தம் பெரும்பான்மையை இழந்தனர்.

1899 செப்டம்பரில் அவரும் தோழர்களுமாக 28 உறுப்பினர்கள் பதவியைத் துறந்து வெளியேறினர். அதிகாரமற்ற இருக்கையில் அலங்காரப் பொம்மைகளாக அமர்வது அவர்களுக்கு உவப்பாக இல்லை. வங்கப் பிரிவினையை எதிர்த்த சுதேசிக் கிளர்ச்சியில் அவர் 1905 முதல் முன் நின்றதும், 1911 இல் பிரிவினை நீங்கியதும் நாடறிந்த செய்தி. ஆனால், பறிபோன நகர மன்றத்தை மட்டும் மீட்க முடியவில்லை.

மந்திரி பதவி

காலம் மாறிற்று. 1919 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி ஏற்பட்டது. போலீஸும் நிதியும் கவர்னரின் கையில். கல்வியும் சுகாதாரமும் ஸ்தல ஸ்தாபனங்களும் மந்திரிகளின் கையில். பொறுப்பு ஓரிடத்திலும் பணம் வேறிடத்திலும் இருந்த விசித்திர ஏற்பாடு அது. காந்தியடிகள் ஒத்துழையாமையை முழங்க, இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சிறை புகுந்தனர். அவ்வேளையில், 1921 ஜனவரியில், எழுபத்திரண்டு வயதான சுரேந்திரநாதர் வங்காளத்தின் ஸ்தல சுயாட்சி மந்திரியானார். சர் பட்டத்தையும் ஏற்றுக்கொண்டார்.

ஒரு காலத்தில் மாணவர்கள் அவருடைய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றனர். அதே மாணவர் உலகம் இப்போது அவரைக் கட்சி மாறியவர் என்றது. இதில் நியாயமே இல்லையென்று நாம் கூறமாட்டோம். நாடு முழுவதும் ஒரு திசையில் நடக்கையில், மற்றொரு திசையில் நடந்த முதியவரை மக்கள் சந்தேகித்தது இயல்பே. அவருடைய துறையிலேயே அதற்கு ஒரு சான்று கிடைத்தது. மேதினிப்பூர் ஜில்லாவில் புதிய கிராம யூனியன் போர்டுகள் அமைந்தபோது, அவை வரிச் சுமையையே கொணரும் என அஞ்சிய மக்கள், பீரேந்திரநாத் சாஸ்மலின் தலைமையில் வரி கொடுக்க மறுத்தனர். அரசாங்கம் 1921 இறுதியில் அங்குப் போர்டுகளைத் திரும்பப் பெற்றது. மக்களின் நம்பிக்கையின்றி மக்கள் சபையை மேலிருந்து இறக்கிவைக்க முடியாது என்னும் பாடம், வாழ்நாளெல்லாம் ஸ்தல சுயாட்சிக்கு உழைத்தவருக்கே கசப்பாகக் கிடைத்தது.

1923 ஆம் ஆண்டுச் சட்டம்

ஆயினும், அவர் எதற்காக அப்பதவியை ஏற்றாரோ அக்காரியத்தை விடவில்லை. 1921 இன் இறுதியில் கல்கத்தா நகராட்சி மசோதாவைச் சட்டசபையில் கொணர்ந்தார். ஒன்றேகால் ஆண்டுக்கு மேல் குழுவிலும் சபையிலும் அது அலசப்பட்டு, 1923 மார்ச் மாதத்தில் நிறைவேறியது.

அச்சட்டம் செய்த மாறுதல்கள் பெரியன. உத்தியோகஸ்தரான தலைவர் நீங்கி, மன்றத்தாரே தேர்ந்தெடுக்கும் மேயர் வந்தார். அன்றாட நிர்வாகத்தை நடத்தும் தலைமை நிர்வாக அதிகாரியை மன்றமே நியமிக்கலாம். அரசாங்கத்தின் ஒப்புதல் மட்டும் வேண்டும். உறுப்பினருள் மிகப் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கப்பட்டவராயினர். காசிப்பூர், மாணிக்தலா, கார்டன் ரீச் ஆகிய அண்டை நகரசபைகள் மாநகருடன் இணைந்தன. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் எல்லைக் கோடு தெரியாது என்பதால், இவ்விணைப்புக்கு வலுவான காரணம் இருந்தது. தகுதியுடைய பெண்களும் வாக்களிக்கலாயினர். முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதி வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அம்முறையில் அவருக்கு உடன்பாடு இல்லாதிருந்தும், சட்டமே கவிழ்ந்துவிடாதபடி ஒரு கால வரம்புடன் அதற்கு இசைந்தார். விட்டுக்கொடுத்தார் என்று குறை கூறுவோர் உண்டு. சட்டசபையில் ஒரு மசோதாவைக் கரை சேர்ப்பவனின் இடர்ப்பாடு அது.

இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் எந்தச் சட்டத்தை எதிர்த்து வெளியேறினாரோ, அந்தச் சட்டத்தைத் தம் கையாலேயே நீக்கினார். ஒருவருடைய வாழ்நாளிலேயே இத்தகைய நிறைவு கிட்டுவது அரிது.

வாயிலுக்கு வெளியே

நிறைவு நெடுநாள் நிற்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் சட்டசபைத் தேர்தல் வந்தது. தாம் வாழ்ந்து பணி செய்த பாரக்பூர்ப் பகுதியிலேயே அவர் தோல்வியுற்றார். வென்றவர், சுயராஜ்யக் கட்சியின் ஆதரவு பெற்ற நாற்பத்தொரு வயது மருத்துவர் விதான சந்திர ராய். எழுபத்தைந்து வயது முதியவரின் பொதுவாழ்வு அத்துடன் முடிந்தது.

1924 ஏப்ரலில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, அதன்படி அமைந்த மன்றத்தைச் சுயராஜ்யக் கட்சியே கைக்கொண்டது. தேசபந்து சித்தரஞ்சன தாஸ் முதல் மேயரானார். இருபத்தேழு வயது சுபாஷ் சந்திர போஸ் தலைமை நிர்வாக அதிகாரியானார். ஏழை மக்களின் பிள்ளைகளுக்கு இலவசத் தொடக்கக் கல்வியும், மருத்துவ உதவியும் மன்றத்தின் கடமைகளாக உயர்ந்தன. சுரேந்திரநாதரைத் தோற்கடித்தவர்கள், அவர் கட்டிய வீட்டிலேயே குடிபுகுந்து விளக்கேற்றினர். இருவருள் எவரையும் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. சட்டமின்றேல் அந்த இளைஞர்களுக்கு நிற்க இடமில்லை. அந்த இளைஞரின்றேல் சட்டத்துக்கு உயிரில்லை.

பாரக்பூரில் கங்கைக் கரை இல்லத்தில் தம் வரலாற்றை நூலாக எழுதி 1925 இல் வெளியிட்டார். அவ்வாண்டு மே மாதம் காந்தியடிகள் அவரை அங்கே சென்று கண்டார். ஆகஸ்ட் 6 ஆம் நாள், எழுபத்தாறாம் வயதில், அவர் மறைந்தார்.

பின்வந்த வரலாறும் ஒரு பாடமே. 1948 இல் அம்மன்றம் கலைக்கப்பட்டு அரசாங்க நிர்வாகத்தின் கீழ் வந்தபோது, மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர் அதே விதான சந்திர ராய். 1951 இல் புதுச் சட்டம் இயன்றது. 1972 இல் மன்றம் மீண்டும் கலைந்தது. 1980 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1985 இல் மீண்டும் தேர்தல் நடந்தது. 1993 முதல் நகரசபைகளுக்கு அரசியல் சாசனத்திலேயே இடம் கிடைத்து, மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஸ்தல சுயாட்சி ஒருமுறை பெற்றுவிட்டால் என்றும் நிலைப்பதன்று. ஒவ்வொரு தலைமுறையும் அதைக் காக்க வேண்டும் என்பதையே இவ்வரலாறு உணர்த்துகிறது.

ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் கண்ட உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுபவர் நாம். ஆனால் நாம் வாழும் இவ்வூரில், நம் வட்டத்தின் உறுப்பினர் யார் என்று கேட்டால் எத்துணைப் பேர் விடையிறுப்போம்? வந்தேறிய ஊர்தானே என்னும் எண்ணத்தில் வாக்குச் சாவடிக்குச் செல்லாமல், தண்ணீர் வராத நாளில் மட்டும் குறை கூறுவது முறையாகுமா? தண்ணீரும் விளக்கும் தமிழர் வீடு, வங்காளியர் வீடு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆதலின் அவற்றைப் பேணும் பொறுப்பும் பொதுவே. அடுத்த முறை வரிச்சீட்டுடன் அந்த வீதியில் செல்லும்போது, பெயர்ப்பலகையைச் சற்றே நின்று நோக்குவோம். தம் வீட்டுச் சாவியைத் தாமே வைத்திருக்க வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகள் போராடிய ஒரு முதியவருக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி, அந்தச் சாவியைத் துருப்பிடிக்க விடாமல் காப்பதேயாகும்.