நத்தை வழக்கின் நாயகி மே டோனஹியூ

சட்டம் படிக்கும் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே கேட்டுவிடும் பெயர் மே டோனஹியூ. எங்கள் விரிவுரையில் அவரைப் பற்றிப் பேசியது பத்து நிமிடம்கூட இருக்காது. இஞ்சி பானம், நத்தை, 1932ஆம் ஆண்டுத் தீர்ப்பு என்று குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த வழக்குக்குப் போய்விட்டோம். எனக்கோ அந்தப் பெண் யார், ஒரு பாட்டிலுக்காக ஏன் அத்தனை தூரம் போராடினார் என்று தெரிந்துகொள்ள ஆசை. தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மே 1898 ஜூலை 4ஆம் நாள் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகருக்கு அருகிலுள்ள கேம்பஸ்லாங்கில் பிறந்தார். ஏழைத் தொழிலாளர் குடும்பம். பதினேழு வயதில் திருமணம். பெற்ற நான்கு பிள்ளைகளில் மூவர் கைக்குழந்தைகளாகவே இறந்துபோனார்கள். மிஞ்சியது ஒரே மகன். 1928இல் கணவரைப் பிரிந்து, சகோதரர் வீட்டில் தங்கினார். கடையில் விற்பனைப் பணியாளராக வேலை செய்து காலம் தள்ளினார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 26ஆம் நாள் மாலை, பெய்ஸ்லி எனும் ஊரில் உள்ள ஒரு சிற்றுண்டிக் கடைக்குத் தோழியுடன் போனார். தோழிதான் காசு கொடுத்து, மேவுக்கு ஐஸ்கிரீமும் இஞ்சி பானமும் வாங்கித் தந்தார். பாட்டில் கருநிறக் கண்ணாடியால் ஆனது. உள்ளே இருப்பது தெரியாது. கடைக்காரர் கொஞ்சம் ஊற்றிக் கொடுக்க, மே குடித்தார். மீதியைத் தோழி ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வெளியே வந்தது என்பது மேவின் புகார். வயிறு பாதிக்கப்பட்டு, மருத்துவரைப் பார்த்து, பிறகு மருத்துவமனையிலும் சிகிச்சை பெற்றார்.

அவருக்கு நேர்ந்த சிக்கல் இதுதான். அக்காலச் சட்டப்படி பொருளில் குறை இருந்தால், விற்றவர்மீது வாங்கியவர்தான் வழக்குப் போடலாம். இங்கே வாங்கியவர் தோழி, பாதிக்கப்பட்டவர் மே. கடைக்காரருக்கோ மூடிய பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. பானத்தைத் தயாரித்த டேவிட் ஸ்டீவன்சனுக்கும் மேவுக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஆக, குடித்து நோய்ப்பட்டவருக்குக் கேட்க ஆளில்லை!

வால்டர் லீச்மன் என்ற வழக்கறிஞர் அவருக்குத் துணை நின்றார். பான பாட்டிலில் செத்த எலி கிடந்ததாகச் சொல்லப்பட்ட வேறொரு வழக்கில் அவர் தரப்பு 1929 மார்ச்சில்தான் தோற்றிருந்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 9ஆம் நாள் மேவுக்காக ஸ்டீவன்சன்மீது 500 பவுண்டு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்துவிட்டார். முதலில் விசாரித்த நீதிபதி, வழக்கு நடத்த இடமுண்டு என்றார். மேல்முறையீட்டில் அது தள்ளுபடியானது.

மிச்சமிருந்தது லண்டனில் உள்ள பிரபுக்கள் சபை. அங்கே போகப் பணம் கட்ட வேண்டும். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழும். தம் சொத்து மொத்தமும் ஐந்து பவுண்டுகூடத் தேறாது என்று மே சத்தியம் செய்து, ஏழை என்ற நிலையில் வழக்கை நடத்த அனுமதி பெற்றார். தம் வறுமையை ஊரறிய எழுதிக் கொடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! இந்த இடத்தைப் படித்தபோதுதான் அவர்மீது எனக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது.

1932 மே 26ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகளில் மூவர் மேவின் பக்கம். பிரபு அட்கின் எழுதிய தீர்ப்பே பிற்காலத்தில் புகழ்பெற்றது. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று நியாயமாக எண்ணிப் பார்க்கத்தக்க எல்லாரும் நமக்கு அண்டை அயலாரே. அவர்களுக்குத் தீங்கு நேராமல் கவனமாக நடப்பது நம் கடமை என்பது அதன் சாரம். காசு கொடுத்தது யார் என்பது முக்கியமல்ல. இறுதியில் அருந்தப்போகிறவரைத் தயாரிப்பாளர் நினைவில் வைக்க வேண்டும்.

நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பது கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. அந்த விசாரணைக்கு முன்பே ஸ்டீவன்சன் காலமானார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. மேவுக்கு 200 பவுண்டு கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அவர் 1958 மார்ச் 19ஆம் நாள் மாரடைப்பால் இறந்தார். வயது 59. அதற்குள் அவர் பெயர் தாங்கிய வழக்கு ஆங்கிலச் சட்டமுறை பரவிய நாடுகளின் சட்டக் கல்லூரிகளில் பாடமாகியிருந்தது.

மலேசியாவில் நாமும் அந்த வழக்கின் வாரிசுகள்தான். நம் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளை வாங்கியவரை மட்டுமல்ல, பயன்படுத்துபவரையும் பயனீட்டாளர் என்கிறது. குறைபாடுள்ள பொருளால் காயம் ஏற்பட்டால், தயாரிப்பாளரின் கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை. பொருள் குறைபாடுடையது, அதனால்தான் பாதிப்பு என்று காட்டினால் போதும். விற்ற பொருளைத் திரும்பப் பெறமாட்டோம் என்று கடையில் எழுதி வைத்திருந்தாலும், பழுதான பொருளுக்குச் சட்டம் தரும் உரிமை அழிந்துவிடாது.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயம் இப்போது 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. சிக்கல் எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். உடற்காயத்துக்கான இழப்பீட்டை மட்டும் அங்கே கேட்க முடியாது, அதற்கு நீதிமன்றம்தான். அடுத்த முறை பழுதான கைப்பேசியையோ கெட்டுப்போன உணவையோ கையில் வைத்துக்கொண்டு, போனால் போகட்டும் என்று நினைப்பீர்களானால், முதலில் ரசீதை எடுத்து வையுங்கள். பொருளைத் தூக்கி எறியாமல் படம் எடுங்கள். கடைக்காரருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கையில் ஐந்து பவுண்டு இல்லாத ஒரு விற்பனைப் பெண் லண்டன்வரை போனதால் திறந்த கதவு இது. நாம் தட்டாமல் இருக்கலாமா?