பேரறிஞர் டு பாய்ஸ்

அமெரிக்காவில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டு மூன்றாண்டுகள் நிறைவதற்குள், 1868ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிரேட் பேரிங்டன் என்னும் சிற்றூரில் வில்லியம் எட்வர்டு பர்கார்டு டு பாய்ஸ் பிறந்தார். தந்தை பிரிந்து சென்றுவிட, வறிய தாயே அவரை வளர்த்தார். மேற்படிப்புக்கு வேண்டிய பொருளை உள்ளூர்த் தேவாலயங்கள் திரட்டித் தந்தன. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், கோடை விடுமுறைதோறும் டென்னசி நாட்டுப்புறத்துக்குச் சென்று, மரக்கொட்டகைப் பள்ளியொன்றில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பின்னர் ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்று, 1895இல் ஹார்வர்டின் டாக்டர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார்.

இத்துணைக் கல்வி பெற்றவருக்குப் பென்சில்வேனியப் பல்கலைக்கழகம் அளித்ததோ வகுப்பெடுக்கும் உரிமையற்ற ஒரு சிறு பதவியே. அவர் அதனைப் பயன்படுத்திக்கொண்ட விதம் வியப்பிற்குரியது. பிலடெல்பியாவின் ஏழாம் வட்டத்தில் குடியேறி, வீடு வீடாக ஏறி இறங்கி, சுமார் 2,500 குடும்பங்களைத் தாமே நேரில் விசாரித்தார். அங்கு நிலவிய வறுமைக்கும் குற்றத்திற்கும் காரணம் பிறப்பன்று. அடிமைமுறை விட்டுச்சென்ற சுமையும், தொழில்களிலிருந்து விலக்கி வைக்கப்பட்டமையுமே என்று 1899இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். உண்மையை எடுத்துக்காட்டினால் உலகம் திருந்திவிடும் என்பது அந்நாளில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை.

அதே ஆண்டு ஏப்ரலில் அந்நம்பிக்கை தகர்ந்தது. ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளியை வெறிக்கும்பல் எரித்துக் கொன்றது. அறிவார்ந்த மறுப்பொன்றை எழுதி எடுத்துக்கொண்டு அட்லாண்டாவின் நாளிதழ் அலுவலகத்தை நோக்கி நடந்த டு பாய்ஸ், கொலையுண்டவனின் விரல் எலும்புகள் வழியிலுள்ள கடையொன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்று கேள்வியுற்றார். வந்த வழியே திரும்பிவிட்டார். புள்ளிவிவரம் மட்டும் போதாது என்பதை அன்று உணர்ந்தார். ஆயினும் ஆராய்ச்சியை அவர் கைவிடவில்லை என்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம்.

புக்கர் வாஷிங்டனோடு அவருக்கு நேர்ந்த கருத்து வேற்றுமை புகழ்பெற்றது. அடிமையாகவே பிறந்து டஸ்கிகி நிறுவனத்தை எழுப்பிய வாஷிங்டன், முதலில் கைத்தொழிற்கல்வி போதும், அரசியல் உரிமை பின்னர் வரட்டும் என்றார். உயர்கல்வி இல்லையேல் ஆசிரியர்களை உருவாக்குவோர் யார் என வினவினார் டு பாய்ஸ். கல்விப் பணியில் இறங்கியோர் எவரும் இவ்வாதத்தைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. வாஷிங்டனின் உழைப்பை மதிக்கும் நாம், இவ்விடயத்தில் டு பாய்ஸ் பக்கமே நிற்கிறோம்.

1909இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கம் அமைத்தோருள் அவரும் ஒருவர். அதன் ‘கிரைசிஸ்’ இதழை 1910 முதல் 1934 வரை நடத்தினார். 1919இல் அது லட்சம் படிகளைத் தாண்டியது. தென்மாநிலங்களில் பொதுப் பள்ளிகள் தோன்ற விடுதலைபெற்ற அடிமைகளே முன்நின்றனர் என்னும் மறைக்கப்பட்ட வரலாற்றை 1935இல் பெருநூலாக வெளியிட்டார்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் இவருக்கு மடல் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளை அதில் வேண்டியிருந்தார். தீண்டத்தகாதோர்பால் தமக்குள்ள பரிவைத் தெரிவித்து, ஜூலை 31ஆம் நாள் டு பாய்ஸ் விடையிறுத்தார்.

முதுமையில் அவருக்கு ஓய்வு கிட்டவில்லை. 1951இல் அரசு தொடுத்த வழக்கில் விடுதலையானார். எனினும் 1958 வரை கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1961இல் அதிபர் என்க்ருமாவின் அழைப்பை ஏற்று, ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஆக்கக் கானா சென்றார். அப்பணி முற்றுப்பெறாத நிலையில், 1963 ஆகஸ்டு 27ஆம் நாள் அக்ராவில் தமது 95ஆம் வயதில் மறைந்தார். மறுநாள் வாஷிங்டன் நகரில் உரிமை கோரித் திரண்ட இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுக்கு அச்செய்தி மேடையிலிருந்து அறிவிக்கப்பட்டது.